புக்கிட் மெலாவத்தி கோட்டையும் கலங்கரை விளக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கோல சிலாங்கூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எவருக்கும் புக்கிட் மெலாவத்தி புதிய இடமன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குரங்கு பார்க்கப் போன குன்று என்றுதான் பலர் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அங்கே கோட்டை எப்படி வந்தது, பீரங்கிகள் யாரைக் குறிவைத்தன, வெள்ளைக் கோபுரம் யாருக்காக எரிகிறது என்று தமிழ்ப்பள்ளி மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் வெளியூரிலிருந்து வரும் உறவினர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. ஆவணங்களால் உறுதிப்பட்ட செய்தி எது, வழிவழியாகச் சொல்லப்படும் கதை எது என்பது அங்கங்கே பிரித்துக் காட்டப்பட்டுள்ளது.

குன்று எங்கே இருக்கிறது?

சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் முகத்துவாரத்தின் தென்கரையில், கோல சிலாங்கூர் பழைய நகரத்தை ஒட்டியே இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய தோட்டப்புற ஊர்கள் எல்லாம் இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தில் அடங்கியவை.

கோட்டை கட்டுவதற்கு இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் குன்றின் மற்ற வரலாறு பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும். சிலாங்கூர்க் கடற்கரை சேறும் கண்டல் காடும் நிறைந்த தாழ்நிலம். கப்பலிலிருந்து பார்த்தால் பல மைல் தூரத்திற்கு ஒரே பச்சைக் கோடுதான் தெரியும்; எந்த இடத்தில் ஆறு திறக்கிறது என்று புதியவர் கண்டுபிடிப்பது கடினம். அப்படிப்பட்ட கரையில் முகத்துவாரத்தின் அருகிலேயே ஒரு குன்று எழுந்து நிற்பது அரிது. தெற்கே வெகுதூரம் தள்ளி ஜுக்ரா குன்று இருக்கிறது. இந்த ஆற்றுக்கு மெலாவத்தி.

அக்காலத்தில் உள்நாட்டிற்குச் சாலை கிடையாது, ஆறே சாலை. ஆற்றின் மேற்பகுதியான உலு சிலாங்கூரில் தோண்டியெடுத்த ஈயம் படகுகளில் இந்த ஆற்றின் வழியே இறங்கிக் கடலுக்கு வந்தது. அரிசி, உப்பு, துணி ஆகியவை அதே வழியில் மேலே சென்றன. ஆகவே முகத்துவாரத்தைப் பிடித்திருப்பவருக்கே தீர்வை கிடைத்தது. தீர்வை கிடைத்தவருக்கே ஆட்களும் ஆயுதங்களும் கிடைத்தன. குன்றின் மேல் சில பீரங்கிகளை நிறுத்திவிட்டால் ஆற்றுக்குள் நுழையும் எந்தக் கலமும் அவற்றின் கண்ணில் படாமல் போக முடியாது. கடலில் பாய்மரம் தோன்றியதிலிருந்து அது கரையை நெருங்கும் வரை உள்ள நேரம், கீழே இருப்பவர்கள் ஆயத்தமாவதற்குப் போதுமானதாக இருந்தது.

உயரமான இடத்திலிருந்து கடலைக் கண்காணித்துக் கீழே இருப்பவர்களுக்குச் செய்தி சொல்வது இந்த நீரிணை முழுவதும் இருந்த வழக்கம். பினாங்குக் கொடிமலையை மலாய்க்காரர்கள் இன்றும் புக்கிட் பெண்டேரா என்றே அழைக்கிறார்கள். சிங்கப்பூரில் இப்போது கேனிங் கோட்டை எனப்படும் குன்றிலும் கப்பல் வரவை அறிவிக்கும் கொடிமரம் இருந்தது. மலாக்காவில் செயின்ட் பால் குன்றில் 19-ஆம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கமே கட்டப்பட்டது. மெலாவத்தியும் இந்தக் குன்றுகளின் வரிசையைச் சேர்ந்ததுதான்.

இது டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டைதானே?

அன்று. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதற்குக் காரணம் டச்சுப் பெயர் இன்றும் குன்றில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான். டச்சுக்காரர்கள் இங்கே வருவதற்கு முன்பே இது சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டையாக இருந்தது. சுலாவேசித் தீவிலிருந்து வந்த புகிஸ் வம்சத்தைச் சேர்ந்த ராஜா லூமு 1766-இல் சுல்தான் சலேஹுடின் ஷா என்ற பெயருடன் சிலாங்கூரின் முதல் சுல்தானாகப் பேராக் சுல்தானால் ஏற்றுக்கொள்ளப்பட்டார். கோல சிலாங்கூரே அவருடைய இருப்பிடம். அவருடைய மகன் சுல்தான் இப்ராஹிம் காலத்தில், டச்சுக்காரர்களுடன் பகை முற்றியபோது, குன்றின் அரண்கள் வலுப்படுத்தப்பட்டன. மெலாவத்தியில் பெரிய கோட்டையும், அருகிலுள்ள தஞ்சோங் கெராமாட்டில் சிறிய கோட்டையும் இருந்தன. டச்சுக்காரர்கள் கைப்பற்றியதும் பெயர் சூட்டியதும் இவற்றைத்தான். அவர்கள் இங்கே தங்கியது ஓராண்டுக்கும் குறைவு.

ராஜேந்திர சோழன் காலத்துக் கோட்டை என்று சிலர் சொல்கிறார்களே?

தமிழர்கள் கூடும் இடங்களில் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. கேட்பவர்களின் ஆவல் மதிக்கத்தக்கது. ஆனால் விடை, இல்லை என்பதுதான். ராஜேந்திர சோழனின் கடற்படை எடுப்பு 1025-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அவனுடைய மெய்க்கீர்த்தி, ஸ்ரீவிஜயம், பண்ணை, இலங்காசோகம், தலைத்தக்கோலம், கடாரம் எனத் தான் வென்ற ஊர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. கடாரம் என்பது கெடா. இந்தக் குன்றைச் சோழர்களுடன் இணைக்கும் கல்வெட்டோ கட்டட எச்சமோ கிடையாது. மெலாவத்தி கோட்டைக்கும் அந்தப் படையெடுப்புக்கும் இடையே 7 நூற்றாண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

நம் பெருமைக்கு இல்லாத ஆதாரத்தைத் தேட வேண்டிய தேவையே இல்லை. இந்தக் குன்றுக்கும் தமிழ்க் கரைக்கும் உள்ள உண்மையான தொடர்புகள் கீழே வருகின்றன.

1784-இல் என்ன நடந்தது?

மலாக்காவை 1641-இல் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, நீரிணை முழுவதும் ஈய வணிகத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்பியது. சிற்றரசர்கள் தங்கள் ஈயத்தைத் தனக்கு மட்டுமே, தான் குறிக்கும் விலைக்கே விற்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்குவது அதன் வழக்கம். புகிஸ் தலைவர்கள் கடலோடிகள், வணிகர்கள், போர்வீரர்கள்; இந்தக் கட்டுப்பாட்டிற்கு அவர்கள் இணங்கவில்லை.

இங்கேதான் நாகப்பட்டினம் கதைக்குள் வருகிறது. அதே கம்பெனி 1658 முதல் நாகப்பட்டினத்தையும் ஆண்டு வந்தது. சோழமண்டலக் கரையில் நெய்த துணியை மலாக்கா நீரிணைத் துறைகளுக்குக் கொண்டுவந்து ஈயமும் மிளகும் வாங்கிச் செல்வது அந்நாளைய வணிகத்தின் முதுகெலும்பாக இருந்தது. நாகூர், நாகப்பட்டினம் பகுதிகளின் தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியாக்கள் அதில் பெரும்பங்கு வகித்தார்கள். 1780-இல் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரர்களுக்கும் போர் மூண்டது. 1781-இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்த இழப்பால் தளர்ந்திருந்த கம்பெனியைப் புகிஸ்காரர்கள் அடுத்து மலாக்காவில் நெருக்கினார்கள்.

சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள ரியாவின் புகிஸ் தலைவரான ராஜா ஹாஜி 1784-இன் தொடக்கத்தில் மலாக்காவை முற்றுகையிட்டார். அவர் சுல்தான் இப்ராஹிமுடைய தந்தையின் உடன்பிறந்தவர். சுல்தானும் சிலாங்கூர்ப் படையுடன் சென்று அந்த முற்றுகையில் சேர்ந்துகொண்டார். ஐரோப்பாவிலிருந்து யாக்கப் பீட்டர் வான் பிராம் என்னும் தளபதியின் தலைமையில் டச்சுப் போர்க்கப்பல்கள் வந்து சேர்ந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. 1784 ஜூன் 18 அன்று, மலாக்காவுக்கு அருகே தெலுக் கெத்தாப்பாங் என்னும் இடத்தில் ராஜா ஹாஜி போரில் இறந்தார்.

முற்றுகையில் பங்கெடுத்த சிலாங்கூரைத் தண்டிக்க அதே கப்பற்படை வடக்கே புறப்பட்டது. சுமத்ராவின் சியாக் அரசின் படையும் அதற்குத் துணையாக வந்தது. போர்க்கப்பல்களின் கனத்த பீரங்கிகளுக்கு முன்னால் குன்றின் அரண்கள் நிற்கவில்லை. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் கோட்டைகள் வீழ்ந்தன. சுல்தான் இப்ராஹிம் உள்நாட்டுக் காட்டு வழியே பகாங்கிற்குப் பின்வாங்கினார்.

அல்டிங்ஸ்பர்க் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

அந்நாளில் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சுக் கம்பெனியின் தலைமை ஆளுநராக இருந்தவர் வில்லெம் அர்னால்டு ஆல்டிங். வெற்றி பெற்றவர்கள் மெலாவத்தி கோட்டைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். தஞ்சோங் கெராமாட் கோட்டைக்கு உட்ரெக்ட் என்று பெயர் வைத்தார்கள்.

சுல்தான் எப்படி மீட்டெடுத்தார்?

இவ்வளவு துணிவான நிகழ்ச்சி நம் பிள்ளைகளின் நினைவில் ஒரு வரியாகச் சுருங்கிப்போவது வருத்தத்திற்குரியது. பகாங்கில் அந்நாட்டை ஆண்ட தலைவரான பெண்டஹாராவின் ஆதரவைப் பெற்ற சுல்தான் இப்ராஹிம், அங்கே திரட்டிய ஆட்களுடன் நடுமலைத் தொடரைக் கடந்து உலு சிலாங்கூருக்குள் இறங்கினார். டச்சுக்காரர்களின் பீரங்கிகள் கடலைப் பார்த்திருந்தன. சுல்தானின் படை ஆற்றின் மேற்பகுதியிலிருந்து, பின்பக்கமாக வந்தது. 1785 ஜூன் 27 அன்று இரவில் தாக்குதல் நடந்தது. காவற்படை நிலைகுலைந்து, பீரங்கிகளையும் தளவாடங்களையும் அப்படியே விட்டுவிட்டுக் கப்பலேறி மலாக்காவுக்கு ஓடியது.

கம்பெனி விட்டுவிடவில்லை. கப்பல்களைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்தது. குன்று சுல்தானுடைய கையில் இருந்தாலும் ஆற்றின் வாயில் டச்சுக் கப்பல்கள் நின்றதால் ஈயம் வெளியே போகவில்லை, உணவுப் பொருள் உள்ளே வரவில்லை. ஆங்கிலேயக் கம்பெனிக்காகப் பினாங்கை நிறுவிய பிரான்சிஸ் லைட்டிடம் சுல்தான் உதவி கேட்டும் பார்த்தார். படை உதவி கிடைக்கவில்லை. ஓராண்டு முற்றுகைக்குப் பிறகு 1786-இல் ஈயத்தைக் கம்பெனிக்கு விற்கும் ஒப்பந்தத்திற்கு அவர் இணங்க நேர்ந்தது. ஆயினும் கோட்டையும் நாடும் அவரிடமே இருந்தன. 1826-இல் இறக்கும் வரை அவரே சுல்தான்.

மேட்டின் மேல் கோட்டை வைத்திருந்தால் மட்டும் போதாது, கடலும் திறந்திருக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு ஆண்டு நிகழ்ச்சிகள் தெளிவாகக் காட்டுகின்றன. அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேயர் வந்தபோதும் இதுவே மீண்டும் நடந்தது.

1871-இல் ஆங்கிலேயப் போர்க்கப்பல் கோட்டையைச் சுட்டது உண்மையா?

உண்மை. 1867-இல் கிள்ளான் தீர்வை உரிமை பற்றிய தகராறில் தொடங்கிய சிலாங்கூர் உள்நாட்டுப் போர் அப்போது நடந்துகொண்டிருந்தது. ஒருபுறம் சிலாங்கூர் இளவரசர் ராஜா மஹ்டி. மறுபுறம் சுல்தான் அப்துல் சமாட்டின் மருமகனான கெடா இளவரசர் தெங்கு கூடின். 1870-இல் கிள்ளானை இழந்த ராஜா மஹ்டி, அதே ஆண்டில் கோல சிலாங்கூரைப் பிடித்துக்கொண்டார். ஈயத் தீர்வைக்கு மற்றொரு வாசல் அதுதான்.

1871-இல் பினாங்கிலிருந்து புறப்பட்ட சீனச் சரக்குக் கப்பல் ஒன்றைக் கடற்கொள்ளையர் பிடித்து, அதிலிருந்தவர்களைக் கொன்றனர். புளூட்டோ என்னும் அரசாங்க நீராவிக் கப்பல் தேடி வந்தபோது, கொள்ளை போன கப்பல் சிலாங்கூர் ஆற்றுக்குள் நின்றது. சிலரைக் கைது செய்ய முயன்றபோது மோதல் ஏற்பட்டது. ஜூலை மாதத் தொடக்கத்தில் ரினால்டோ என்னும் போர்க்கப்பல் வந்து, கோட்டை அரண்களை நோக்கிக் குண்டு வீசி அவற்றைத் தகர்த்தது. பிறகு தெங்கு கூடின் தரப்பு இங்கே இடம் பிடித்தது. 1872-இல் ராஜா மஹ்டியின் கூட்டாளியான சைட் மஷோர் தரப்பு இதை மீண்டும் கைப்பற்றியது. 1873-இல் பகாங் படைகளின் துணையோடு தெங்கு கூடின் வென்றார்.

தெங்கு கூடின் கூலிக்கு அமர்த்திய படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்பே இந்தியர்கள் இந்த மாநிலத்தின் போர்களில் இறந்திருக்கிறார்கள்.

போர் முடிந்தபின் 1875-இல் சுல்தானுக்கு ஆலோசகராக முதல் ஆங்கிலேய ரெசிடெண்ட் நியமிக்கப்பட்டார். சுல்தான் லங்காட் பகுதியில் தங்கினார், 1880-இல் நிர்வாகம் கோலாலம்பூருக்குச் சென்றது. கோல சிலாங்கூர் மாவட்ட ஊராகச் சுருங்கியது. கோட்டையாக மெலாவத்தியின் வாழ்க்கை அத்துடன் முடிந்தது.

கலங்கரை விளக்கம் எப்போது வந்தது? எதற்காக?

குன்றின் மேல் நிற்கும் வெள்ளைக் கோபுரம் ஆங்கிலேயர் ஆட்சியில் 1907-இல் கட்டப்பட்டது. உயரம் 27 மீட்டர். கோட்டையின் பழைய டச்சுப் பெயரையே அதற்கு இட்டார்கள். அதனால்தான் அல்டிங்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

மலாக்கா நீரிணை பார்ப்பதற்கு அகலமாகத் தெரிந்தாலும், கிள்ளான் கடற்பகுதியில் மணல் திட்டுகள் நிறைந்தது. கப்பல்கள் ஓடும் ஆழமான வழி குறுகியது. ஆகவே அங்கே கடலின் நடுவிலேயே 1874-இல் ஒரு விளக்கு நிறுவப்பட்டது. அதை மலாய் மொழியில் பெர்மாத்தாங் செடெப்பா என்பார்கள். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டபின் கப்பல் போக்குவரத்து பெருகியது. பினாங்கிலிருந்து தெற்கே இறங்கும் கப்பலுக்கு, தாழ்ந்த கரையில் தன் இடத்தை உறுதிப்படுத்திக்கொள்ள ஓர் அடையாளம் வேண்டும். பகலில் வெள்ளைக் கோபுரம் அந்த அடையாளம். இரவில் அதன் ஒளி. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்திற்கும் மின்னும் கணக்கு வேறு. மாலுமி மின்னல்களை எண்ணி, நேரத்தைக் கணித்து, வரைபடத்தில் ஒப்பிட்டு, எந்த விளக்கு என்று தெரிந்துகொள்வார்.

விளக்கைக் குன்றின் மேல் வைத்ததற்கான காரணத்தை மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். பூமி உருண்டையானதால், கடல் மட்டத்திலிருந்து விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்பவே அதன் ஒளி எட்டும். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 2.1-ஆல் பெருக்கினால் தொடுவானம் வரையுள்ள தூரம் ஏறத்தாழக் கடல் மைல்களில் கிடைக்கும். 16 மீட்டர் உயரத்தில் உள்ள விளக்குக்கு 8.4 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 15.5 கிலோமீட்டர். 64 மீட்டர் உயரத்தில் உள்ள விளக்குக்கு 16.8 கடல் மைல், ஏறக்குறைய 31 கிலோமீட்டர். தூரத்தை இரண்டு மடங்காக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டியிருக்கிறது. அந்த உயரத்தில் பெரும்பகுதியைக் குன்று இலவசமாகக் கொடுத்துவிட்டால், செங்கல்லும் சுண்ணாம்பும் மிச்சம். பார்ப்பவர் கப்பலின் மேல்தளத்தில் நின்றால் இன்னும் சில மைல்கள் கூடும்.

கலங்கரை விளக்கம் இன்றும் எரிகிறதா?

எரிகிறது. மலேசியக் கடல்துறையின் பொறுப்பில் இருக்கிறது. செயற்கைக்கோள் வழிகாட்டும் இக்காலத்திலும், கருவி பழுதானால் கண்ணுக்குத் தெரியும் ஒளியே துணை என்பதால் இத்தகைய விளக்குகள் கைவிடப்படவில்லை.

எங்கள் தாத்தா பாட்டி வந்த கப்பல் இந்த ஒளியைப் பார்த்திருக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள், கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். கோபுரம் எழுந்த அதே 1907-இல்தான் தமிழர் குடியேற்ற நிதி உருவாக்கப்பட்டது. தோட்ட முதலாளிகளிடமிருந்து வரி வாங்கி, அந்தப் பணத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவரும் ஏற்பாடு அது. ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டபின், கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்க்கும் முறையே முதன்மையாயிற்று. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரை இது நீடித்தது.

கப்பல்கள் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்டு, முதலில் பினாங்கையும் பிறகு போர்ட் சுவெட்டன்ஹாமையும் தொட்டன. 1926-இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பல் இந்த வழியில் சென்று சிங்கப்பூர் வரை போய்த் திரும்பியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. பினாங்கிலிருந்து போர்ட் சுவெட்டன்ஹாம் போகும் வழியில், துறைமுகத்திற்குச் சற்று வடக்கே, கரையோரமாக இருப்பது மெலாவத்தி. ஆகவே 1907-க்குப் பிறகு அந்தத் துறைமுகத்தில் இறங்கியவர்களின் கப்பல் இந்த விளக்குக்கு நேராகக் கடந்தே வந்திருக்கிறது. இரவில் மேல்தளத்தில் யார் விழித்திருந்தார், யார் கண்டார் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் பெரியவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும். கேட்கக்கூடியவர்கள் இன்னும் இருக்கும் வீடுகளில் காலம் தாழ்த்தாமல் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் இந்த மாவட்டத் தோட்டங்களுக்கே வந்தார்கள். 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஹென்ரி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய தென்னமரம் தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில்தான் உள்ளது. காடழித்து, வடிகால் வெட்டி, கன்று நட்டவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் பொறிக்கப்படவில்லை. இந்த மாவட்டத்தின் வரலாறு எழுதப்படும்போது குன்றின் மேல் நடந்தவற்றுக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய உழைப்பும் எழுதப்பட வேண்டும்.

ஜப்பானியர் படையெடுப்பின்போது இங்கே ஏதேனும் நடந்ததா?

நடந்தது. 1942 ஜனவரித் தொடக்கத்தில், கடல் வழியாகக் கோல சிலாங்கூரில் இறங்க முயன்ற ஜப்பானியப் படகுகளைக் கரையிலிருந்த பீரங்கிகள் விரட்டின. ஆனால் அடுத்த சில நாள்களில் ஜப்பானியர் நிலவழியாகச் சிலாங்கூர் ஆற்றை எட்டிவிட்டார்கள். பத்தாங் பெர்ஜுந்தை பகுதியிலும் சண்டை நடந்தது. அதன்பின் தோட்டத் தமிழர்கள் பட்ட துன்பம், சயாம் மரண ரயில்பாதைக்கு அள்ளிச் செல்லப்பட்டது உட்பட, தனியே விரிவாகச் சொல்ல வேண்டிய ஒன்று.

தலை வெட்டும் கல், நச்சுக் கிணறு ஆகியவை உண்மையா?

இரண்டும் குன்றில் காட்டப்படுகின்றன. பத்து ஹம்பார் என்பது தட்டையான பெரிய பாறை. குற்றவாளிகளும் துரோகிகளும் அதன் மேல் தலை துண்டிக்கப்பட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. நச்சுக் கிணற்றைப் பற்றிய செய்தி இன்னும் கொடியது. உடலில் பட்டால் அரிப்பெடுக்கும் மூங்கில் குருத்தின் சாறு, மரப்பால் ஆகியவற்றைத் தண்ணீரில் கலந்து, துரோகிகளைக் கழுத்தளவு இறக்கினார்கள் என்பார்கள். இவை வாய்வழியாக வந்த மரபுச் செய்திகள். மாணவர்கள் எழுதும்போது ‘என்று சொல்லப்படுகிறது’ என்றே எழுதுவது முறை. மேலே சொன்ன 1784, 1785, 1871 நிகழ்ச்சிகளுக்கு இருப்பதைப் போன்ற எழுத்துச் சான்றின் இடத்தில் இவற்றை வைக்கக்கூடாது.

பிறை பார்ப்பதும் இங்கேதானா?

ஆம். ரமலான் நோன்புத் தொடக்கத்தையும் நோன்புப் பெருநாளையும் உறுதிப்படுத்த அதிகாரபூர்வமாகப் பிறை பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அதற்கென ஒரு கட்டடமும் இருக்கிறது. மேற்கே தடையின்றிக் கடல் விரிந்திருப்பதால், கதிரவன் மறைந்தபின் அடிவானத்தை ஒட்டியுள்ள மெல்லிய பிறையைத் தேட இது ஏற்ற இடம்.

இப்போது போனால் எதையெல்லாம் பார்க்கலாம்?

கோட்டைச் சுவர்களின் எஞ்சிய பகுதிகள், கடலை நோக்கி நிற்கும் பீரங்கிகள், கலங்கரை விளக்கம், மாவட்ட வரலாற்று அருங்காட்சியகம், முதல் மூன்று சுல்தான்களான சலேஹுடின், இப்ராஹிம், முகம்மது ஆகியோரின் அரச கல்லறை ஆகியவை உள்ளன. கல்லறை புனிதமான இடம்; அடக்கமான உடையும் அமைதியும் வேண்டும். மேலே ஏறப் பழைய கல் படிக்கட்டும் உண்டு, சுற்றிவரச் சாலையும் உண்டு. பீரங்கியின் பின்னால் நின்று குழல் காட்டும் திசையில் பார்த்தால், முன்பு அலை வந்து மோதிய இடம் இப்போது காடாக இருப்பது தெரியும். ஆறு கொண்டுவரும் சேறு படிந்து படிந்து கரை விலகிப் போயிருக்கிறது. அந்தக் கண்டல் நிலம் 1987 முதல் இயற்கைப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது.

குரங்குகளில் இரண்டு வகை உண்டு. வெள்ளி பூசியதுபோல் சாம்பல் நிறத்தில், தலையில் கூம்பு முடியுடன் இருப்பவை சாதுவானவை, இலை தின்பவை. அவற்றின் குட்டி பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருப்பதைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். மற்றவை நீண்ட வால் குரங்குகள். பையைப் பறிக்கத் தயங்காதவை. இலை தின்னும் வயிற்றுக்கு ரொட்டியும் மிட்டாயும் ஒத்துக்கொள்ளா என்பதால் எதையும் கொடுக்காமல் இருப்பதே அவற்றுக்குச் செய்யும் நன்மை.

வரலாற்றுத் திட்டப்பணிக்கு எதிலிருந்து தொடங்குவது?

முதலில் அருங்காட்சியகத்திற்குச் சென்று ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாவட்ட வரைபடத்தில் ஆற்றையும் குன்றையும் உங்கள் தோட்டத்தையும் குறியுங்கள். பீரங்கிகளின் திசையை ஒரு திசைகாட்டியால் அளந்து வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள். 1785-இல் சுல்தானின் படை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை அதே தாளில் வேறு நிறத்தில் காட்டுங்கள். வீட்டுப் பெரியவர்களின் கப்பல் பயணச் சீட்டு, குடியுரிமைத் தாள், தோட்டத்துச் சம்பளச் சீட்டு ஏதேனும் இருந்தால், அசலை ஒட்டாமல் நகலை இணையுங்கள். அந்தத் தாள்களில் உள்ள ஆண்டையும் இறங்கிய துறைமுகத்தையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.